மடிக்கணினிப் பெட்டிக்குள் ஒரு கீபோர்டும் வையுங்கள்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

தட்டச்சுப் பயிலகம் நடத்துகிற ஒருவன் எழுதும் மடல் இது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் அரசு தட்டச்சுத் தேர்வுக்கு எங்கள் பிள்ளைகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம்தான் அனுப்புகிறோம். அந்த இயக்ககம் தங்கள் துறையில் இருப்பதால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இடையில் சில ஆண்டுகள் நின்றுபோனது. பிறகு 2025-26 நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. என் கவலை, அந்தப் பெட்டியைப் பிரித்த பிறகு பிள்ளைகள் அதை எங்கே வைத்து, எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்பதுதான்.

மாலை வகுப்புக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிடரியைத் தேய்த்துக்கொண்டே நுழைகிறார்கள். ஒருமுறை விசாரித்தேன். விடுதியில் இரும்புக் கட்டில், அதில் சப்பணம், மடியில் தலையணை, தலையணைமேல் கணினி. சார்ஜர் வயர் எட்டாது என்பதால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். புராஜெக்ட் நேரத்தில் இரவு உணவு முடிந்து உட்கார்ந்தால் ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுமாம். மேசையில் வைத்து வேலை செய்யும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் கழுத்து வலிக்கிறது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இது பிள்ளைகளின் சோம்பலால் வருவது அல்ல. அந்தக் கருவியின் அமைப்பால் வருவது. மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒரே கீலில் மாட்டியிருக்கின்றன. கை சரியான உயரத்தில் இருக்கும்படி வைத்தால் திரை நெஞ்சுக்குக் கீழே போய்விடும், கழுத்து குனியும். திரை கண்ணுக்கு நேராக வரும்படி தூக்கினால் கைகள் அந்தரத்தில் நிற்கும், தோள் கடுக்கும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். எவ்வளவு விலை உயர்ந்த கணினியானாலும் இதுதான் கதை. 1982-இல் வந்த கிரிட் காம்பஸ் என்ற கணினிக்கு பில் மோக்ரிட்ஜ் கொடுத்த மடக்கு வடிவத்தைத்தான் இன்றுவரை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். தூக்கிப்போக அது வசதி. நாள் முழுக்க உட்கார்ந்து தட்டுவதற்கு யாரும் அதை அளந்து செய்யவில்லை.

மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. தலை அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பில் விழும் பாரம் சுமார் 27 கிலோ என்று அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்குப் போட்டார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, ஆட்களைக் குனியவைத்து அளந்தது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் கால் மூட்டை சிமெண்ட் கணக்கில் வருகிறது.

எங்கள் தொழிலில் இதெல்லாம் பழைய பாடம். டைப்ரைட்டர் மேசை எழுதும் மேசையைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்வாகத்தான் இருக்கும். எழுதும் மேசை முப்பது அங்குலம், மெஷின் மேசை இருபத்தாறு, இருபத்தேழு. விசைமேல் விரல் வைக்கும்போது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, தோள் தளர்ந்து தொங்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. சேர்ந்த முதல் நாள் ‘யளனகபக’ அடிக்கும் முன்பே பிள்ளையை நிமிர்ந்து உட்காரச் சொல்லுவோம். இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். மணிக்கட்டு தொங்கக் கூடாது. பார்த்து அடிக்க வேண்டிய காப்பியை மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்திவைப்போம், மேசையில் படுக்கப் போட விடமாட்டோம்.

இன்னொன்றும் இருந்தது. வரி முடிந்தால் மணி அடிக்கும், இடது கை விசையை விட்டு லீவரைத் தள்ளும். பக்கம் முடிந்தால் தாளை உருவி வேறு தாள் செருக வேண்டும். நாங்கள் கேட்காமலே மெஷின் கொடுத்த ஓய்வு அது. மெஷினில் அடித்தவர்களுக்கு விரல் வலி வராமல் இல்லை, பழசைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் மடிக்கணினியில் அந்த இடைவெளியும் இல்லை. வரி தானே மடங்குகிறது, பக்கம் தானே வருகிறது, மூன்று மணி நேரம் கை ஒரே இடத்தில் கிடக்கிறது.

1700-இல் இத்தாலியில் பெர்னார்டினோ ராமாசினி என்ற மருத்துவர் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எழுத்தர்களின் உபாதைக்கு மூன்று காரணங்களை அதன் 1713 பதிப்பில் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் ஓயாமல் அசைவது, பிழை வராமல் பார்க்க வேண்டிய மனத்தின் இறுக்கம். நம் விடுதிக் கட்டிலில் மூன்றும் அப்படியே இருக்கின்றன. கூடவே குனிந்த கழுத்தும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவில் 1990-இலும் பிரிட்டனில் 1992-இலும் திரை முன் வேலை செய்கிறவர்களுக்கென்று விதிமுறைகளே எழுதிவிட்டார்கள். மேசை, நாற்காலி, வெளிச்சம், இடைவேளை எல்லாம் அதில் முதலாளியின் பொறுப்பு. நம் பிள்ளைகளுக்கு முதலாளி யாரும் இல்லை. கணினியைக் கொடுத்த அரசைத்தான் அவர்கள் அறிவார்கள்.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பயிலகத்தில் செய்து காட்டுவேன். கணினியை நாலைந்து தடித்த கைடுகள்மேல் ஏற்றிவைப்பேன். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ வரும். யூ.எஸ்.பி. கீபோர்டையும் மவுசையும் செருகி மேசை ஓரத்தில், முழங்கை மட்டத்தில் வைப்பேன். திரை ஒரு கை நீளம் தள்ளி நிற்கும். ஜன்னல் முதுகுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி நாற்காலியைத் திருப்புவேன். குட்டையான பிள்ளைக்குக் காலடியில் ஒரு மணைப்பலகை. போன வாரம் இப்படி உட்காரவைத்த ஒரு பெண் பத்து நிமிடம் அடித்துவிட்டு, “சார், தோள் கீழ இறங்கிடுச்சு” என்றாள். அதுவரை இரண்டு தோளையும் காதுவரை தூக்கிவைத்திருந்தது அவளுக்கே தெரியவில்லை.

தடித்த கைடு எந்த விடுதியிலும் கிடைக்கும். கிடைக்காதது கீபோர்டும் மவுசும்தான். மொத்தமாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும் என்பது நாங்கள் வாங்குகிற விலையை வைத்து நான் போடும் கணக்கு. ஒரு கணினிக்கு இருபதாயிரம் ரூபாய் என்று வைத்தால் இது இரண்டரை சதவீதம். 20 லட்சம் பேருக்கும் நூறு கோடி. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் இருபது வயதில் பிடரி வலியோடு ஐ.டி. கம்பெனிக்குள் நுழைகிறவன் பிசியோதெரபிக்கு ஒரே மாதத்தில் அந்த ஐந்நூறு ரூபாயைவிட அதிகம் செலவழிப்பான்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. தலையணையிலும் மெத்தையிலும் வைத்தால் அடியில் காற்று போகும் துவாரம் அடைபடும். மே மாதத்தில் ஏற்கெனவே கொதிக்கிற அறையில் கணினி இன்னும் கொதிக்கும். வெறும் தொடையில் மாதக்கணக்கில் வைத்தவர்களுக்கு அந்தச் சூட்டாலேயே தோலில் வலைபோலக் கருமை படர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அடுத்தது பிளக். மூன்று முள் பிளக்கை எர்த் இல்லாத பாயிண்டில் செருகினால், கணினியின் உலோக விளிம்பில் விரல் பட்டதும் சுருசுருவென்று இருக்கும். “கரண்ட் அடிக்குது சார், ஆனா லேசாத்தான்” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சுவரில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுதான் அறிகுறி. விடுதிகள் வேறு துறைகளின் கீழும் இருக்கின்றன என்பது தெரியும். தங்கள் கல்லூரி விடுதிகளிலாவது எலெக்ட்ரீஷியனை ஒரு சுற்று அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். படிப்புக் கூடத்தில் பாயிண்ட் மேசைக்குப் பக்கத்தில் இருந்தால் பாதிப் பேர் கட்டிலை விட்டுத் தாமாகவே எழுந்து வருவார்கள்.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. திரையைப் பார்க்கையில் இமைப்பது வெகுவாகக் குறைகிறது, கண் உலர்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் இருக்கும் மரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ பார்த்தால் போதும். இதைக் கணினியோடு கொடுக்கும் தாளில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். தமிழில், படத்தோடு, ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நாற்பது பக்கக் கையேடு போட்டால் அது பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

அடுத்த கொள்முதலுக்கு அரசு நிறுவனமான எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, கணினிக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் தங்கள் பார்வைக்கும் வரும் என்று நம்புகிறேன். ராம், பிராசசர், பேட்டரி என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில் “யூ.எஸ்.பி. கீபோர்ட் ஒன்று, மவுஸ் ஒன்று” என்று ஒரு வரி சேர்க்க உத்தரவிடுங்கள். உட்காரும் முறையைக் கற்றுக்கொடுக்க ஆள் தேவை என்றால், தங்கள் துறையின் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற பயிலகங்கள் தமிழகமெங்கும் இருக்கின்றன. கூப்பிட்டால் கல்லூரிக்கே வந்து சொல்லிக்கொடுப்போம்.

இப்படிக்கு,
தட்டச்சு ஆசிரியர் ஒருவர்