விளையாட்டுத் துவக்கும் 366 அடியும்

எங்கட பெடியளிட்ட கொஞ்சக் காலமாய் ஒரு பைத்தியம் பரவியிருக்கிறது. எயார்சொஃப்ட். காற்றாலோ வாயுவாலோ பற்றறி மோட்டராலோ 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டைத் தள்ளுகிற துவக்கு. பார்த்தால் அச்சு அசல் எம்-4, அச்சு அசல் ஏ.கே. சுட்டால் கடலையிலும் சின்னதாய் ஒரு வெள்ளை உருண்டை வந்து விழும். எங்கள் குசினியில் கோப்பை கழுவுகிற தம்பி ஒருவர் தன் மகனுக்கு ஒன்று வாங்க வேண்டுமென்று என்னிடம் விசாரித்தார்.

"அண்ணை, ஒரு பெட்டியில 400 எஃப்.பி.எஸ். எண்டு கிடக்கு, மற்றதில 350 எண்டு கிடக்கு. 350 தானே பாதுகாப்பு?"

எஃப்.பி.எஸ். என்றால் ஒரு செக்கனுக்கு எத்தனை அடி என்பது. கடைக்காரர் பெட்டியில் பெரிதாய் அடிப்பதும், பெடியள் தங்களுக்குள் பீற்றிக்கொள்வதும், தாய் தகப்பன் பார்த்துப் பயப்படுவதும் இந்த ஒரு எண்ணைத்தான். ஆனால் குண்டின் எடை தெரியாமல் இந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டதோடு என் கம்பஸ் படிப்பு இடையில் நின்றது. பௌதிகத்தில் கனக்க விடயம் மறந்தும் போச்சு. ஆனாலும் ஏ.எல். படித்த எவருக்கும் அரை எம் வி வர்க்கம் மறக்காது. அந்த 400 பெட்டியைப் புரட்டிப் பார்த்தால் 0.12 கிராம் குண்டு என்று சின்ன எழுத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் 0.89 யூல். 350 பெட்டியில் 0.20 கிராம் குண்டு. அது 1.14 யூல். மெதுவாய் வருவதுதான் கூட நோகும். தம்பிக்கு இதை மாக்கட்டி இல்லாத குறைக்கு மேசையில் விரலால் எழுதிக் காட்டினேன்.

யூல் என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு. உண்மையான ஏ.கே.-47 இன் ரவை ஏறத்தாழ 8 கிராம், குழலை விட்டு வரும்போது செக்கனுக்கு 715 மீற்றர் வேகம். அது 2000 யூலுக்குக் கிட்ட வரும். அந்த 2000 யூல் என்ன செய்யும் என்பதற்கு எங்களில் கனபேருக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. எயார்சொஃப்ட் அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சட்டைக்கு மேலே பட்டால் எறும்பு கடித்த மாதிரி, வெறும் தோலில் பட்டால் சிவந்து தடிக்கும்.

தூரத்தின் கதை இன்னும் சுவாரசியம். 0.20 கிராம் குண்டை செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் விட்டால் புறப்படும்போது சரியாக 1 யூல். ஆனால் இவ்வளவு இலேசான உருண்டையைக் காற்று விடாது, பிடித்து இழுக்கும். நான் போட்ட கணக்கின்படி 10 மீற்றரில் வேகம் 67 ஆகிவிடுகிறது, 30 மீற்றரில் 30 தான். அதாவது சக்தியில் பத்தில் ஒரு பங்கு கூட மிச்சமில்லை. பிறகு எப்படி 40, 50 மீற்றர் தூரத்தில் நிற்பவனுக்குப் படுகிறது? குழலுக்குள் மேல்பக்கமாய் ஒரு சின்ன றப்பர் துண்டு குண்டை உரசி அதைப் பின்பக்கமாய்ச் சுழல வைக்கிறது. ஹொப்-அப் என்பார்கள். சுழல்கிற குண்டைக் காற்று மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும். சுழற்பந்து வீச்சாளரின் பந்து காற்றிலேயே விலகுவதும் இதே விளைவால்தான். வேகத்தைக் கூட்டினால் தூரம் கூடும் என்று ஸ்பிறிங்கை மாற்றுகிற பெடியள், அந்த றப்பரைச் சரிப்படுத்தி 0.25, 0.28 கிராம் குண்டு போட்டாலே போதும் என்பதை விளங்கிக்கொள்ள ஒரு வருடம் எடுக்கிறார்கள். காசும் போகும்.

இதில் ஒரு கள்ளமும் உண்டு. மைதானத்தில் உள்ளே விடுமுன் வேகமானியால் அளப்பார்கள். சில வாயுத் துவக்குகளில் பாரமான குண்டு போட்டால் சக்தி கூடும், ஏனென்றால் குண்டு குழலுக்குள் கொஞ்சம் கூட நேரம் நின்று வாயுவின் தள்ளலை வாங்கிக்கொள்கிறது. அளக்கும்போது 0.20, விளையாடும்போது 0.40. வேகத்தை மட்டும் பார்க்கிற மைதானக்காரருக்கு இது பிடிபடாது. விளையாடப் போடுகிற அதே குண்டை வைத்து யூலில் அளப்பதுதான் முறை. பிள்ளையை விடமுன் ஒரு மைதானத்தில் எதில் அளக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

தோல் ஆறிவிடும். கண் அப்படியில்லை. 1 யூலுக்குக் குறைந்த குண்டும் கண்ணுக்குள் இரத்தம் கசிய வைக்கும். இதில் எங்கட சனம் விடுகிற பிழை, கட்டட வேலைக்குப் போடுகிற கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவது. அமெரிக்கத் தரமான இசட்-87 இல், கூடிய தாக்கம் தாங்கும் சாதாரணக் கண்ணாடிக்கு கால் அங்குல உருக்குக் குண்டை செக்கனுக்கு 150 அடி வேகத்தில் அடித்துப் பார்ப்பார்கள். முகத்தோடு ஒட்டி மூடுகிற கொகிள்ஸ் என்றால் 250 அடி. சக்தியில் சொன்னால் முந்தியது 1.1 யூல் அளவு, பிந்தியது 3 யூல். அதோடு சாதாரணக் கண்ணாடியில் பக்கத்தால் குண்டு நுழைய இடம் இருக்கிறது. முந்நூறு டொலருக்குத் துவக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு பத்து டொலர் கண்ணாடியில் மிச்சம் பிடிப்பதை என்னவென்று சொல்வது?

சட்டத்துக்கு வருவோம். இந்த விளையாட்டு யப்பானில் பிறந்தது. அங்கே 2006 இல் சட்டத்தைத் திருத்தி 6 மில்லிமீற்றர் குண்டுக்கு 0.98 யூல் என்று எல்லை போட்டார்கள். பிரித்தானியாவில் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடர்ச்சியாய்ச் சுடுவதற்கு 1.3, ஒவ்வொன்றாய்ச் சுடுவதற்கு 2.5 யூல். பிரான்சில் 2. ஜேர்மனியில் 0.5 வரைக்கும் விளையாட்டுச் சாமான். கூடவோ குறையவோ, எல்லோரும் சக்தியை அளக்கிறார்கள், சக்தி கூடினால் இறுக்குகிறார்கள்.

கனடாவில் கதை தலைகீழ். இங்கே அசலைப் போலவே இருந்துகொண்டு அசலாகச் சுடாத சாமானுக்கு 'போலித் துவக்கு' என்று பெயர். அது தடைசெய்யப்பட்டது, இறக்கவோ விற்கவோ முடியாது. ஒரு எயார்சொஃப்ட் அந்த வகையில் விழாமல் இருக்க வேண்டுமென்றால் ஆபத்து விளைவிக்கக்கூடிய அளவுக்கு வேகமாய்ச் சுட வேண்டும். 0.20 கிராம் குண்டுக்கு 366 அடி என்பது எல்லை. அதற்குக் கீழே சுடுகிற, அசல் போன்ற துவக்கு போலி, எல்லையில் மறிப்பார்கள். 366 க்கு மேலே, 500 க்குக் கீழே என்றால் உள்ளே வரலாம். ஆக, 16 வயதுப் பிள்ளைக்கு மெல்லியதாய்ச் சுடுகிற ஒன்றை வெளிநாட்டில் வாங்கி வந்தால் தகப்பன் சட்டத்தை மீறியவர், கூட நோகிறதை வாங்கி வந்தால் பிரச்சினை இல்லை! ஏன் இப்படி என்று யோசித்தால் ஒரு நியாயம் தெரியாமல் இல்லை. சட்டம் எழுதியவர்கள் குண்டுக்குப் பயந்து எழுதவில்லை, தோற்றத்துக்குப் பயந்து எழுதியிருக்கிறார்கள். பிறகு இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதால் வந்த கோணல் இது.

தோற்றத்துக்குப் பயப்படக் காரணம் இருக்கிறது. 2014 நவம்பர் 22, அமெரிக்காவில் கிளீவ்லாந்து. ரமீர் றைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினப் பிள்ளை பூங்காவில் ஒரு எயார்சொஃப்ட் கைத்துவக்கோடு விளையாடிக்கொண்டு நின்றான். நுனியில் இருக்க வேண்டிய செம்மஞ்சள் அடையாளம் அதில் இல்லை. அவசர இலக்கத்துக்கு அழைத்தவர் அது அனேகமாகப் போலியாக இருக்கும், ஆளும் சின்னப் பிள்ளையாய் இருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்தச் சொல் பொலிசுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்று இரண்டு செக்கன் ஆகவில்லை, சுட்டுவிட்டார்கள். மறுநாள் பிள்ளை செத்துப்போனான். 2015 டிசம்பரில், பொலிஸ்காரர்மீது வழக்கு இல்லை என்று முடிவாயிற்று. அதற்கு முந்திய வருடம் கலிபோர்னியாவின் சாந்தா றோசாவில் அன்டி லோப்பஸ் என்ற 13 வயதுப் பிள்ளை, கையில் ஏ.கே. போன்ற எயார்சொஃப்ட். அவனுக்கும் அதே முடிவு.

இந்த இரண்டு துவக்கும் எத்தனை எஃப்.பி.எஸ்.? யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. குண்டு 50 மீற்றர் போகும், தோற்றம் கண்ணுக்கு எட்டிய தூரம் போகும். ஊரில் சென்றிப்பொயின்ற் தாண்டி வளர்ந்த எனக்கு இது புதிய செய்தி அல்ல. எங்கட பெடியளுக்குத் தெரியாது. அவர்கள் ஸ்காபரோவில் பிறந்தவர்கள், மண்ணிறத் தோலோடு, காப்புச் சட்டையும் போட்டு, வீட்டு முற்றத்தில் நின்று படம் பிடித்துப் போடுகிறார்கள்.

2022 மே மாதம் ஒட்டாவாவில் கொண்டுவந்த சி-21 சட்டமூலத்தில் அசல் போன்ற எயார்சொஃப்ட் எல்லாவற்றையும் போலியாக்கித் தடுக்கிற ஒரு பிரிவு இருந்தது. விளையாடுபவர்களும் கடைக்காரர்களும் எதிர்த்து, 2023 மே மாதம் நாடாளுமன்றக் குழு அதைத் தூக்கிவிட்டது. தூக்கியது சரி என்பதே என் கருத்து. மைதானத்துக்குள் முகம் மூடி, யூல் அளந்து விளையாடினால் அது ஹொக்கியை விட ஆபத்தானது என்று நான் நம்பவில்லை. ஆனால் தூக்கிவிட்டுச் சும்மா இருந்ததுதான் சரியில்லை. சக்திக்கு யூலில் ஒரு மேல் எல்லை, வாங்க ஒரு வயது, மைதானத்துக்கு வெளியே பையில் பூட்டித்தான் கொண்டுபோகலாம் என்ற ஒரு விதி. மூன்றையும் எழுதியிருந்தால் 366 என்ற அந்த விசர் எண் தேவைப்படாது.

என் மூத்தவனும் கேட்டுக்கொண்டு இருக்கிறான். மைதானத்தில் வாடகைக்கு எடுத்து விளையாடு, கொகிள்ஸ் மட்டும் நான் நல்லதாய் வாங்கித் தாறன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் வராது. "அப்பா, அது பிளாஸ்ரிக் தானே" என்கிறான். தாயும் அவன் பக்கம்தான் நிற்கிறா. வருகிற சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவனுக்கு முதல் விளையாட்டு, நான் அன்றைக்கு வேலை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.