வாழை வாடுவது எதனால்?

ரஸ்தாளித் தோட்டத்தில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு முறிந்து, தண்டைச் சுற்றித் தொங்கத் தொடங்கியதும், நீர் போதவில்லை என்று ஒருவரும் உரம் குறைவு என்று மற்றொருவரும் தீர்ப்புக் கூற, கடைக்காரர் கொடுத்த மருந்தைத் தெளித்துப் பணத்தை விரயம் செய்வது நம் விவசாயிகளிடையே ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மரத்தைப் பெயர்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும் சிறு சிரமத்தை மேற்கொள்வோர் அபூர்வம். வெட்டுமுகத்தில் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தென்பட்டால், அது பியூசேரியம் என்னும் பூஞ்சை விளைவிக்கும் வாடல் நோய் என்று சந்தேகிக்கப் பூரண நியாயமுண்டு. சிகடோகா இலைப்புள்ளி நோய்க்குத் தெளிப்பு மருந்து பயன்படும். மண்ணிலிருந்து வேர்வழி நுழைந்து நீர்க்குழாய்களை அடைக்கும் இந்தப் பூஞ்சைக்கோ இலைமேல் தெளிப்பது வீண் கைங்கரியமே. அதன் வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் ஜீவித்திருக்கும்.

மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்களில் கோலோச்சிய குரோ மிஷேல் ஜாதியை 1950, 60-களில் வியாபாரத்திலிருந்தே அகற்றி, அதன் ஸ்தானத்தில் கேவண்டிஷை அமர்த்தியது இதே வியாதிதான். அந்தக் கேவண்டிஷையும் வீழ்த்தும் இப்பூஞ்சையின் புதிய இனம் பீகாருக்கும் வந்துவிட்டது.

திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கையில், கிழங்கின் மாதிரியைக் கிராமத்திலிருந்து பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஒவ்வொரு வேளாண்மை அலுவலகமும் செய்யலாகாதா? அதுவரை, நோய் கண்ட தோட்டத்துக் கன்றுகளை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.