மண் அளிக்கும் வெள்ளி மருந்து

காலின்கீழ் மிதிபடும் மண்ணை அற்பமென்று எண்ணுவார் பலர். ஆயினும், நோய்க்கிருமிகளை அழிக்கும் மருந்துகளிற் பலவற்றை மானிடர்க்கு உதவியவை அம்மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், வாக்ஸ்மன் என்னும் பேராசிரியரின் ஆய்வுச்சாலையிலே, ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவர் மண்ணுயிர் ஒன்றினின்று ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். க்ஷயரோகத்தை எதிர்த்து நின்ற அருமருந்து அது. ஆனால், 1948-இல் வெளியான பிரிட்டிஷ் பரிசோதனையின் முடிவு யாது? அம்மருந்தைத் தனியே பெற்ற நோயாளர் பலரிடத்தும், சில மாதங்களுக்குள் கிருமிகள் அதற்கு அடங்காதனவாயின என்பதே. மருந்து தோன்றிய ஐந்தாம் ஆண்டிலேயே அதனை வெல்லும் ஆற்றலும் வெளிப்பட்டுவிட்டது.

அக்கேடு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 2019-இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேர்ந்த மரணங்கள் ஏறக்குறைய 12,70,000 என அறிஞர் கணித்துள்ளனர். ஆகவே அவர்கள் மண்ணை நோக்கி மீண்டும் கையேந்துகின்றனர். மண்ணினின்று எடுத்து வளர்த்த பாக்டீரியாக்களின் வடிநீரை வெள்ளி நைட்ரேட் கரைசலோடு சேர்ப்பின், கரைசல் மெல்ல மஞ்சளாகிப் பின்னர்ப் பழுப்பு நிறம் எய்தும். உயிரிகள் சுரந்த நொதிகள் முதலியன வெள்ளி அயனிகளை நுண்ணிய வெள்ளித் துகள்களாக மாற்றிவிட்டன என்பதற்கு அந்நிறமே அடையாளம். அவை பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கு உட்பட்டவை. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறுகோடியில் ஒரு பங்கு. உயிரிகளின் புரதமே அவற்றைப் போர்த்து, ஒன்றோடொன்று ஒட்டாவண்ணம் காக்கின்றது. நச்சுடைய இரசாயனங்களும் இதற்கு வேண்டுவதில்லை. இத்துகளினின்று வெளிப்படும் அயனிகள் கிருமியின் மேலுறையைச் சிதைத்து, அதன் புரதங்களைப் பற்றிக் கெடுக்கின்றன.

இது போற்றத்தக்க முயற்சியே, ஐயமில்லை. எனினும், வெள்ளி பல வழிகளில் தாக்குதலால் கிருமிகள் அதனை ஒருபோதும் வெல்லா என்பாரோடு யான் உடன்படேன். என்னை? வெள்ளிச் சுரங்கத்தினின்று எடுக்கப்பட்ட சூடோமோனாஸ் ஸ்டுட்செரி என்னும் பாக்டீரியா, தன் உடலகத்தே வெள்ளியைப் படிகங்களாக்கிச் சேர்த்துவைத்தல் 1999-இல் விளக்கப்பட்டது. வெள்ளி மிகுந்த இடத்திலும் அது மாளாது வாழ்கின்றது. வெள்ளித் துகள் செய்யும் உயிரே வெள்ளிக்குத் தப்பும் வழியையும் அறிந்திருக்கின்றதன்றோ? அதற்கு முன்னரே, பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பகுதியில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா தோன்றியமை 1975-இல் அறிவிக்கப்பட்டது. நோயாளர் மூவர் உயிரிழந்தனர்.

இவ்வாறிருக்க, இவ்வரிய பொருள் இன்று காலுறையின் நாற்றம் நீக்கவும், சோப்பிலும், துணி துவைக்கும் இயந்திரத்திலும் செலவாகின்றது. அங்ஙனம் கழிநீரிற் கலந்த வெள்ளி ஈற்றில் மண்ணையே சென்றடைந்து, நமக்கு உதவிய நுண்ணுயிர்களையே வருத்தக்கூடும். புண்ணாற்றவும், நோயாளர் உடலிற் செருகும் குழாய்களைக் காக்கவும் வேண்டிய பொருளை, கடைச்சரக்கின் கவர்ச்சிக்காக இறைத்தல் தகுமோ? வெள்ளித் துகளை மருத்துவத்திற்கென்றே ஒதுக்கி வைத்தலும், பிற பண்டங்களில் அதனைச் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தலும் வேண்டும் என்பதே என் துணிபு.

தந்தையின் ஆஸ்தியை அழித்துப் பின் பஞ்சத்தில் வாடிய இளைய குமாரனின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஸ்ட்ரெப்டோமைசின் முதலான ஆஸ்திகளை நாமும் அவ்வாறே பெரிதும் அழித்தோம். திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்தொன்றன் பெயரையும் கூறாது, அளவறிந்து உண்டலையே பெரிதும் வற்புறுத்தினார். அவ்வளவு மருந்திற்கும் உரியதே. வைத்தியர் சொல்லாத மருந்தைக் கடையில் வாங்காமையும், அவர் சொன்ன மருந்தை இடையில் நிறுத்தாமையும் மாணவராகிய நாம் இன்றே கைக்கொள்ளத்தக்க விரதங்கள். மண்ணினின்று நமக்கு மற்றுமொருமுறை ஈயப்பட்ட இக்கொடையை அளவோடு ஆளும் அறிவையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.