சூடான வியாழன்கள்: பட்டியலில் பத்தில் ஒன்று, வானத்தில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஏன் இந்த வித்தியாசம்?

பெங்களூரு வைட்ஃபீல்டைத் தாண்டி ஹொஸகோட்டே பக்கம் போனால், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கியை இங்கிருந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். இந்தத் தொலைநோக்கியையும், திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியையும் வைத்து ஐந்து 'சூடான வியாழன்'களை அளந்த ஆய்வு 2019இல் வெளியானது.

சூரியனைத் தவிர மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000ஐத் தொட்டதாக நாசா அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஏறக்குறைய பத்தில் ஒன்று சூடான வியாழன். அப்போ வானத்திலும் பத்தில் ஒன்று இப்படித்தானா? இல்லை. சூரியனைப் போன்ற நூறு நட்சத்திரங்களை எடுத்தால், அதில் ஒன்றுக்காவது இப்படி ஒரு கோள் இருந்தாலே அதிகம்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது?

சூடான வியாழன் என்றால் என்ன?

நம் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற கிட்டத்தட்ட 12 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதனுக்கே 88 நாள் ஆகிறது. வியாழன் அளவுள்ள ஒரு வாயுக் கோள், புதனை விடப் பல மடங்கு நெருக்கத்தில், மூன்று நான்கு நாளில் நட்சத்திரத்தைச் சுற்றிவந்தால் எப்படி இருக்கும்? அதுதான் சூடான வியாழன். வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். கால் வைக்கத் தரையே கிடையாது. உயிர் இருக்குமா என்ற கேள்விக்கே இடமில்லை.

1995இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோஸும் கண்டுபிடித்த 51 பெகாசி பி இந்த வகைதான். அதன் ஒரு 'ஆண்டு' 4.2 நாள். இவ்வளவு பெரிய கோள் இவ்வளவு அருகில் உருவாகியிருக்க முடியாது, தொலைவில் உருவாகி உள்ளே நகர்ந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். எப்படி நகர்ந்தது என்பதில் இன்னும் விவாதம் ஓயவில்லை. இருவருக்கும் 2019இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பட்டியலில் மட்டும் ஏன் இவ்வளவு?

காலை 9 மணிக்கு வைட்ஃபீல்டில் ஐடிபிஎல் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் என்ன வேலை என்று கேளுங்கள். பெங்களூருவில் பாதிப் பேர் மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதிவிடுவீர்கள். எண்ணியதில் தப்பே இல்லை, நின்ற இடம்தான் பிரச்சினை. வானத்தைப் பார்க்கும்போதும் இதேதான் நடக்கிறது.

நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே கோள் கடக்கும்போது நட்சத்திரத்தின் ஒளி கொஞ்சம் குறையும். அதை அளப்பது கடப்பு முறை. இதில் மூன்று சல்லடைகள் இருக்கின்றன.

ஒன்று, அளவு. சூரியன் மாதிரி நட்சத்திரத்தை வியாழன் கடந்தால் ஒளி சுமார் 1 சதவீதம் குறையும். பூமி கடந்தால் 0.008 சதவீதம்தான். தரையில் உள்ள தொலைநோக்கிக்கு முதலாவது சிக்கும். இரண்டாவது, காற்றின் அலைச்சலிலேயே காணாமல் போய்விடும்.

இரண்டு, கோணம். சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டில் இருந்தால்தான் கடப்பு தெரியும். சூடான வியாழனுக்கு அந்த வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. பூமி மாதிரித் தொலைவில் இருந்தால் சுமார் 215இல் ஒன்று.

மூன்று, நேரம். மூன்று நாளுக்கு ஒருமுறை சுற்றும் கோள் ஓர் ஆண்டில் 120 முறை கடக்கும். பூமி ஒரே ஒரு முறை. அன்றைக்கு மேகம் மூடினால் அடுத்த வருஷம் வரை காத்திருக்கணும்.

சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சூரியனைப் போன்ற 1,000 நட்சத்திரங்கள். தாராளமாக 1 சதவீதம் என்றாலே 10 சூடான வியாழன்கள். அதில் ஒன்று கடப்பைக் காட்டும், ஆண்டுக்கு 120 வாய்ப்புகளோடு. அதே 1,000 நட்சத்திரங்களுக்கும் ஆளுக்கொரு பூமி இருப்பதாக வைத்துக்கொண்டாலும், கடப்பது தெரிவது ஐந்துக்கு மட்டும்தான். அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, கண்டுபிடிக்க முடியாத அளவு சின்ன மங்கலாக.

நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை அளக்கும் இன்னொரு முறையும் பெரிய, நெருக்கமான கோளுக்கே சாதகம். 51 பெகாசி பி தன் நட்சத்திரத்தை நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஆட்டுகிறது. பூமி சூரியனை ஆட்டுவது நொடிக்கு சுமார் 9 சென்டிமீட்டர்.

இந்தியா என்ன செய்திருக்கிறது?

அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம், மவுண்ட் அபுவில் உள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய 'பாரஸ்' கருவி மூலம் 2021இல் டிஓஐ-1789பி என்ற சூடான வியாழனை உறுதி செய்தது. நிறை வியாழனில் சுமார் 70 சதவீதம், ஆனால் பருமனில் வியாழனை விட சுமார் 1.4 மடங்கு. தண்ணீரை விட அடர்த்தி குறைவு. ஒரு சுற்றுக்கு 3.2 நாள். வெப்பத்தில் ஊதிப் போன கோள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடித்த பிறகும் வேலை இருக்கிறது. ஹான்லேயும் காவலூரும் அளந்த ஐந்தில் ஒன்று வாஸ்ப்-12பி. பிரிட்டன் தலைமையிலான வாஸ்ப் திட்டம் 2008இல் அறிவித்த இந்தக் கோள், சுமார் 26 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. நட்சத்திரத்தின் ஈர்ப்பு அதை முட்டை வடிவில் இழுத்து வைத்திருக்கிறது. அதன் சுற்றுக் காலம் ஆண்டுக்கு 29 மில்லிநொடி குறைகிறது என்று 2020இல் வெளியான அளவீடு சொல்கிறது. அதாவது கோள் மெல்ல மெல்ல நட்சத்திரத்தை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. இன்னும் சுமார் 30 லட்சம் ஆண்டுகள்தான்.

29 மில்லிநொடியை எந்தத் தொலைநோக்கியாலும் நேராகப் பார்க்க முடியாது. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். பத்தாண்டில் கோள் சுமார் 3,300 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றும் சராசரியாக 0.145 நொடி முந்தினால், மொத்தம் கிட்டத்தட்ட 8 நிமிடம். அதை அளக்கலாம். அதற்குத் தேவை ஆண்டுக்கணக்கில் விடாமல் குறித்து வைத்த கடப்பு நேரங்கள்.

ஒரு கடப்பு சுமார் 3 மணி நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் எங்கே இரவோ, அங்கேதான் பார்க்க முடியும். சிலியிலும் ஹவாயிலும் பகலாக இருக்கும்போது அந்த இடைவெளியை நிரப்ப இந்தியாவின் இரவு வேண்டும். உலகின் மிகப்பெரிய தொலைநோக்கியாக இல்லாவிட்டாலும் 1.3 மீட்டருக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். அதற்கு இருட்டும் வேண்டும். ஹான்லே சுற்றுப்பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதன் பின்னணியும் இதுதான்.

செய்தியை எப்படிப் படிப்பது?

அடுத்த முறை 'புதிய கோள் கண்டுபிடிப்பு' என்று தலைப்பு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த முறையில் கண்டுபிடித்தார்கள்? அந்த முறைக்கு எது எளிதில் சிக்கும்? எது சிக்காது?

பூமியைப் போன்ற கோள்கள் பட்டியலில் கொஞ்சம்தான் இருக்கின்றன என்பதற்காக, வானத்தில் அவை அரிது என்று முடிவு கட்ட வேண்டாம். நம் சல்லடையின் ஓட்டை இப்போதைக்குப் பெரிது, அவ்வளவுதான்.