இணையத்தில் கடை திறந்தாயிற்று, ஆள் வர வேண்டுமே!

சென்ற ஆண்டு சம்பா அறுவடை முடிந்த கையோடு, மாசி மாதத்தில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பாரம்பரிய நெல் பயிரிடும் 12 விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சிறு குழு. தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று மூன்று ரகம். கிடங்கில் அரைத்த அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. ‘விற்பனை எப்படி?’ என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. குழுவின் பொறுப்பாளர் தன் செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். மூன்று வருடச் சேமிப்பிலிருந்து 38,000 ரூபாய் கொடுத்து அவர்கள் உண்டாக்கிய இணையதளம் அதில் திறந்திருந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்களாம். “அதுலயும் பாதி எங்க பிள்ளைங்கதான் சார்” என்றார். அதே வாரத்தில்தான் ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்திருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் கட்டினால் 10,000 பேரை இணையதளத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்று. கட்டலாமா என்று என்னிடம் கேட்டார்கள்.

பொறுங்கள் என்றேன். ஆனால், காலம் பொறுக்காது என்பது எனக்கும் தெரியும். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. அரைத்த சில மாதங்களில் காறல் வாடை வந்துவிடும். அதற்கு முன்பே வண்டு வந்துவிடும். மருந்து போடாத அரிசி என்று சொல்லி விற்கிறவர்கள் மருந்து போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. நெல்லாக வைத்திருந்தால் ஒரு வருடம் தாங்கும். அரிசியாக்கிவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதே வட்டாரத்தில் நடந்த பயிற்சி முகாமில், ‘இடைத்தரகர் இல்லாமல் இணையம் மூலம் நேரடியாக விற்கலாம்’ என்று மேடையேறிப் பேசியவன் நான். இணையதளம் தொடங்கச் சொன்னேன். அதைத் தேடி ஆள் எப்படி வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. உழவியல் படித்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காசு கொடுத்துக் கூட்டும் கூட்டம்

மாதம் 15,000 ரூபாய்க்கு 10,000 பேர் என்றால், அந்த 10,000 பேர் யார்? எங்கோ ஒரு விளம்பரத்தில் தெரியாமல் விரல் பட்டு உள்ளே வந்தவர், வந்த வேகத்தில் வெளியே போனவர், சில சமயம் மனிதரே அல்லாத கணினி நிரல். எண்ணிக்கை ஏறும், ஒரு கிலோ அரிசி நகராது. தூற்றாத நெல்லை எடை போட்டு மகசூல் கணக்குச் சொல்வது போலத்தான் இது. எல்லா விளம்பரமும் மோசடி என்று நான் சொல்லவில்லை. எந்த ஊரில், எப்படிப்பட்டவர் நம் அரிசியை வாங்குகிறார் என்று தெரிந்த பிறகு, சிறு தொகை போட்டு விளம்பரம் செய்து பார்ப்பதில் தவறில்லை. அது தெரியாத நிலையில் போடும் பணம் வயலில் நிற்காது, வடிகாலில் போய்விடும்.

முதலில், செலவில்லாத ஒன்றைச் செய்தோம். கூகுள் மேப்பில் கிடங்கைப் பதிவுசெய்வது. வாடிக்கையாளர் நேரில் வந்து வாங்கக்கூடிய இடம் எதுவானாலும் இலவசமாகப் பதிவுசெய்யலாம். பெயர், முகவரி, போன் எண், திறந்திருக்கும் நேரம், படங்கள், கூடவே இணையதள முகவரி. திருவாரூர், தஞ்சாவூர் வட்டாரத்தில் யாராவது பாரம்பரிய அரிசி எங்கே கிடைக்கும் என்று தேடினால் இந்தக் கிடங்கும் கண்ணில் படும்.

ஆனால், அந்த இடம் உண்மையாகவே இருக்கிறதா என்று கூகுள் சரிபார்க்கும். தெரு, கடையின் முகப்பு, பெயர்ப்பலகை, உள்ளே உள்ள சரக்கு எல்லாம் தெரிகிறபடி ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பும்படி கேட்டது. அப்போதுதான் கவனித்தோம், கிடங்குக்குப் பெயர்ப்பலகையே இல்லை! 38,000 ரூபாயில் இணையதளம் போட்டவர்கள் வாசலில் ஒரு தகரப் பலகை வைக்கவில்லை. அதை எழுதி மாட்டிய பிறகுதான் பதிவு கிடைத்தது. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, அந்தச் சாலையில் தினமும் போய்வந்துகொண்டிருந்த பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் இறங்கி வந்து 10 கிலோ வாங்கிப் போனார் என்பது தனிக்கதை.

ஏற்கெனவே வாங்கியவர்களிடம், மேப்பில் கருத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்று கேட்காதீர்கள். காசுக்குக் கருத்து எழுதித் தருகிறோம் என்று வருபவர்களைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

எத்தனை விசில்?

இணையதளத்தின் முதல் பக்கத்தில் பச்சை வயல் படத்தின் மேல், ‘இயற்கையின் மடியில் விளைந்த பாரம்பரியச் சுவை’ என்று பெரிதாக எழுதியிருந்தது. எழுத்தும் படத்தின் ஒரு பகுதிதான். தேடுபொறி முக்கியமாகப் படிப்பது பக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்ட எழுத்தைத்தான். போஸ்டர் போல வடிவமைத்த படத்துக்குள் இருப்பதை நம்பி இருக்க முடியாது. அப்படியே படித்தாலும் பயன் இல்லை. இயற்கையின் மடி என்று தட்டச்சு செய்து யார் அரிசி தேடுவார்கள்?

அப்படியானால், என்ன தேடுவார்கள்? இதற்கான விடை அந்தக் குழுவிலேயே இருந்தது. போனில் வரும் ஆர்டர்களை எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். எட்டாம் வகுப்புப் படித்தவர். நாள் முழுக்க ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. ‘மாப்பிள்ளைச் சம்பா எத்தனை விசில் விடணும்?’, ‘ராத்திரியே ஊறப் போடணுமா?’, ‘கவுனியில் கஞ்சி வைப்பது எப்படி?’, ‘இட்லிக்கு எது ஆகும்?’, ‘வண்டு வந்திருக்கே, கெட்டுப்போச்சா?’. ஒரு மாதம் இந்தக் கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னேன். எழுதினார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் 20க்குக் கொஞ்சம் மேல்.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். கேள்வியே தலைப்பு. பதிலை அந்த அக்கா சொல்லச் சொல்ல, பொறுப்பாளரின் மகள் செல்போனில் தட்டச்சு செய்தாள். கவுனியை எட்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும், ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவைத்தால் நிறம் போகாது என்று, போனில் பேசுகிற அதே தமிழில். கூடவே ஒவ்வொரு பக்கத்திலும் ரகத்தின் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதச் சொன்னேன். நம் ஆட்களில் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்து தேடுகிறார்கள்.

விதை கேட்டு வருபவர்களுக்கான கேள்விகளுக்கு நான் உதவினேன். மாப்பிள்ளைச் சம்பா ஏன் சாய்கிறது என்று ஒரு பக்கம். உயரமாக வளரும் ரகம், தழைச்சத்தை அள்ளிப் போட்டால் கதிர் பிடிக்கும் நேரத்தில் காற்றடித்ததும் படுத்துவிடும். ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்று இன்னொரு பக்கம். இந்தப் பக்கங்களைத் தேடி வருபவர் அரிசி வாங்காமல் போகலாம். ஆனால், விதைநெல் வாங்குவார். அடுத்த பட்டத்திலும் வருவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும் என்று எழுதினால் கூட்டம் வரும் என்பது உண்மைதான். எழுதாதீர்கள். அது பொய். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

பழைய வாடிக்கையாளரும் பழைய போனும்

புதியவரைத் தேடி ஓடுகிறவர்கள், ஏற்கெனவே வாங்கியவரை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு அரிசிப் பையிலும் உள்ளங்கை அளவுச் சீட்டு ஒன்றை வைத்தோம். அதில் க்யூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் நேராக அந்த ரகத்தின் சமையல் பக்கம் திறக்கும். இந்தக் கோடை உண்டாக்க இலவச வசதிகள் பல இருக்கின்றன. செலவு, சீட்டு அச்சடிக்கும் கூலி மட்டும்.

வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி எல்லோரையும் கேட்காமல் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு வாரத்தில் காலை வணக்கப் படங்கள் நிறைந்துவிடும், வாங்குபவர்கள் வெளியேறிவிடுவார்கள். அதற்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்துவைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். பலர் இது தெரியாமல், அனுப்பினேன், யாருமே பார்க்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். எனவே, பார்சல் கட்டும்போதே ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று சீட்டில் அச்சிட்டுவிடுங்கள். மாதத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். நாற்று விட்டோம், கதிர் வந்துவிட்டது, இன்று அரைக்கிறோம் என்று வயலில் நடப்பதைச் சொல்லி, கூடவே லிங்க் கொடுத்தால் போதும்.

யூடியூப்காரர்கள் வயலுக்கு வந்து வீடியோ எடுக்கும்போது நம்மவர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பேசி அனுப்புகிறார்கள். வீடியோவின் விளக்கத்தில் முதல் வரியிலேயே நம் இணையதள முகவரியைப் போட வேண்டும் என்று பேசத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஷார்ட்ஸ் எனப்படும் குட்டி வீடியோ என்றால் அதுவும் உதவாது. அதன் விளக்கத்தில் போடும் முகவரியைத் தொட்டால் திறக்காதபடி 2023 ஆகஸ்ட் இறுதியில் யூடியூப் மாற்றிவிட்டது. அதில் முகவரியை வாயால்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, படங்களின் அளவு. அந்த இணையதளத்தில் ஒவ்வொரு படமும் 4, 5 எம்பி. சிக்னல் சரியில்லாத ஊரில் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். படத்தைச் சுருக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு எளிய வழி: அதை வாட்ஸ்அப்பில் உங்கள் வீட்டில் ஒருவருக்கு அனுப்பி, அங்கிருந்து எடுத்துப் போடுங்கள். தானாகவே சுருங்கியிருக்கும்.

பட்டா யார் பெயரில்?

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. இணையதள முகவரி குழுவின் பெயரில் இல்லை. அதை வடிவமைத்துக் கொடுத்தவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவுசெய்திருந்தார். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பதிவு அது. அவர் புதுப்பிக்க மறந்தாலோ, கூடுதல் பணம் கேட்டாலோ, பையில் உள்ள சீட்டு, மேப், யூடியூப் என்று எங்கெங்கோ கொடுத்த முகவரியெல்லாம் வீண். நிலத்தை வாங்கிவிட்டுப் பட்டாவை விற்றவர் பெயரிலேயே விட்டுவைப்போமா? பல முறை நடையாக நடந்து குழுவின் பெயருக்கு மாற்றினோம். நீங்கள் இணையதளம் வைத்திருந்தால், இந்தப் பத்தியைப் படித்ததும் முதலில் இதைப் பாருங்கள்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற இணையதளம் ஒன்று நம் இணையதளத்துக்கு லிங்க் கொடுத்தால், தேடுபொறி நம்மையும் மதிக்கும். வேளாண் அறிவியல் நிலையங்கள், கல்லூரிகள், துறை அலுவலகங்களின் பக்கங்களில் அந்தந்த வட்டாரத்தில் விதையும் விளைபொருளும் விற்கும் குழுக்களின் முகவரிகளைப் போட்டுவைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நாம் வெளியிடும் தொழில்நுட்பக் கையேடுகளையும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகப் போட்டுவிட்டு யாரும் படிப்பதில்லை என்கிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் பயிர்வாரியாகத் தமிழில் பக்கங்கள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கின்றன. நான் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வெளியிட்ட இரண்டு கையேடுகளை இன்று என்னாலேயே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லா விவசாயிக்கும் இணையதளம் வேண்டும் என்று இப்போது நான் சொல்வதில்லை. இரண்டு ஏக்கர்காரருக்கு மேப்பில் ஒரு பதிவும் வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியலும் போதும். இரண்டும் இலவசம். குழுவாகச் செய்பவர்கள் இணையதளம் வைக்கலாம். ஆனால், அதைக் கவனிப்பவருக்குக் கூலி கொடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் அந்த அக்கா போனில் உட்கார்ந்தது களை எடுப்பதைப் போன்ற வேலைதான். ஆரம்பத்தில் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. அந்த ஆண்டு அரிசியில் பாதிக்கு மேல் வியாபாரியிடம்தான் போனது, அவர் கேட்ட விலைக்கு. கேள்விப் பக்கங்கள் தேடலில் தெரிய நான்கைந்து மாதம் ஆயிற்று. இப்போது மாதம் 30, 40 பார்சல் போகிறது. யார் என்ன சொல்லைத் தேடி உள்ளே வந்தார்கள் என்று கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதி காட்டும். மாதம் ஒருமுறை பார்க்கிறார்கள். அதிகம் பேரைக் கொண்டுவருவது விசில் பக்கம்தான். இந்த முறை நெல்லாகவே வைத்திருந்து, ஆர்டரைப் பார்த்து வாரம் ஒருமுறை அரைக்கிறார்கள்.

போன வாரம் அந்த அக்கா போன் செய்தார். பழைய சாதத்துக்கு எந்த அரிசி நன்றாக இருக்கும் என்று ஒரே வாரத்தில் ஆறு பேர் கேட்டுவிட்டார்களாம். என்ன எழுதலாம் என்று கேட்டேன். “மூணு அரிசியிலயும் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன் சார், காலையில சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.