புல்லட் அண்ணன்மார்களே, பிரேக் எந்தக் கால்?

ஞாயிறு காலை. கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடைகளில் புல்லட் கூட்டம். ‘தட தட’ சத்தம் காதைப் பிளக்கிறது. (சைலென்சரைக் கழற்றி மாற்றினால் ரூ.10 ஆயிரம் வரை அபராதம். அதையும் பெருமையாய்ச் சொல்லும் ஆசாமிகள் உண்டு!)

புது புல்லட்டில் ஒரு பையன் வந்து ஒதுங்கினால் போச்சு. “இடது கால்ல கியர் போடுறதெல்லாம் ஒரு புல்லட்டா தம்பி?” என்று கேலி கிளம்பும்.

திருவொற்றியூர் ஆலையில் அந்தக் காலத்தில் செய்த வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டியில் அப்படியே தலைகீழ்.

கேலி தாங்காத பையன் பழைய வண்டியை இரவல் வாங்குகிறான். ஒரே நாளில் கால் பழகுமா? திடீரென்று குறுக்கே மாடு வந்தால் யோசிக்க நேரமேது? பழக்க தோஷத்தில் வலது காலை அழுத்துகிறான். அங்கே இருப்பது கியர்! வண்டி எப்படி நிற்கும்?

அப்படி விழுந்த வாலிபர் ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். காலில் மாவுக்கட்டு. “கால் மாத்தி மிதிச்சிட்டேன் சார்” என்றார். அவரைக் கேலி செய்த அண்ணன்மார் ஒருவரையும் அங்கே காணோம். பிரேக் எந்தப் பக்கம் என்று சொல்லித் தர அவர்களுக்கு என்ன கேடு?

எல்லோரும் அப்படி இல்லை. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், காலி மைதானத்தில் பத்துத் தடவை பிரேக் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பழைய வண்டியின் சாவியைக் கொடுப்பார்.

அவருக்கு அந்தக் கூட்டம் வைத்திருக்கும் பெயர், ‘பயந்தாங்கொள்ளி’!