மட்காட்டைத் தட்டி எடுக்கிறதா, புதுசு போடுறதா?

போன மாதம் நண்பர் ஒருவர் 1966ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கிவிட்டு ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, இடப்பக்க முன் மட்காட் நெளிஞ்சு போய்க் கிடக்கு. புதுசு ஒண்டு ஓடர் பண்ணப் போறன். ஒருக்கா வந்து பாருங்கோவன்."

போய்ப் பார்த்தேன். மட்காட்டில் ஒரு கோப்பை அளவுக்குக் குழி. பெயின்ற் கூட முழுக்கக் கழரவில்லை. ஆனால் அவர் கை காட்டாத இடம் ஒன்றில்தான் என் கண் நின்றது. கதவுக்குக் கீழே ஓடுகிற சில். (டயர் போடுகிற சில்லு இல்லை, நீளத்துக்குப் பெட்டி மாதிரி அடைத்திருக்கிற தகரம்.) நல்ல பளபளப்பு. பொக்கற்றில் இருந்த காந்தத்தை அதிலே வைத்தேன். ஒட்டாமல் நிலத்தில் விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, பட்டிதான் பூசியிருக்கிறது.

பழைய கார் திருத்துகிற எங்கட ஆக்களில் பாதிப்பேர் செய்வது இந்தத் தலைகீழ் வேலைதான். கண்ணுக்குத் தெரிகிற மட்காட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு பூட்டுவார்கள். காரைத் தாங்குகிற தகரத்துக்குப் பட்டி பூசுவார்கள். நான் சொல்வது நேர் எதிர்.

ஊரில் என்ர பெரியப்பா மொறிஸ் மைனர் ஹயர் ஓடினவர். 1990க்குப் பிறகு பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணையில் ஓடின கார்களில் அதுவும் ஒன்று. புது மட்காட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரிங்கர் வேப்பமரத்துக்குக் கீழே இருந்து உள்ளுக்கு இரும்புக் கட்டையைப் பிடித்து, வெளியே மெல்ல மெல்லத் தட்டுவார். அடிபட்டு இழுபட்ட தகரம் 'பொக்' 'பொக்' என்று உள்ளுக்கும் வெளியுக்கும் போய்வரும். அந்த இடத்தைக் காசளவு வட்டத்துக்குச் சிவக்கச் சூடாக்கி, நாலு தட்டுத் தட்டி, ஈரச்சாக்கை வைப்பார். தகரம் சுருங்கி இறுகிவிடும். இங்கே வந்து பல வருசத்துக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதே வேலையை அதே மாதிரிச் செய்யப் பார்த்தேன். சாக்குக்குப் பதிலாக ஈரத்துணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நெளிவு என்றால் தட்டி எடுங்கோ. காருடன் வந்த மட்காட் அந்தக் காரின் ஆணி ஓட்டைகளுக்கு இருக்கும். பிறகு ஆரோ அச்சுப் பார்த்துச் செய்த மட்காட் அநேகமாக இராது. ஓட்டையை அராவி, பொனற் இடைவெளியைச் சரிக்கட்டி, ஒரு நாள் போய்விடும். வருசமும் பார்க்க வேணும். 1963 கடைசியில் முன் சிக்னல் விளக்கைப் பெரிசாக்கினார்கள். அதுக்கு முந்தின காருக்குப் பிந்தின மட்காட்டை வாங்கினால் தலையிடி.

இதிலே ஒரு வேடிக்கை. 1990களில் மொறிஸ் மைனருக்கான தகரங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். எங்களுக்குப் பொருளாதாரத் தடை. பெரியப்பா பீப்பாத் தகரம் வெட்டி ஒட்டு வைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதே நாட்டில் செய்த புதுத் தகரம் கப்பல் ஏறி இங்கே வந்துகொண்டிருந்தது. இதை அறிந்த அன்று எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

சரி, சில்லுக்கு வாறன். மொறிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. தளமும் குறுக்குச் சட்டமும் இந்தப் பெட்டியும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. நான் முதலில் வாங்கின காரை "முழுக்கத் திருத்தினது" என்று சொல்லித்தான் விற்றார்கள். பிள்ளைகள் இரண்டும் பின்னுக்கு இருக்க மோட்டர்வேயில் 60 மைலில் ஓடியிருக்கிறேன். ஒருநாள் டயர் காற்றுப் போய் ஜக் வைத்தேன். ஜக் ஏறியது, கார் ஏறவில்லை. 'கறுக்' என்று சத்தம். குனிந்து பார்த்தால் பட்டி வெடித்து, உள்ளே அடைத்திருந்த பழைய பேப்பர் எட்டிப் பார்க்கிறது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

"ஊரில் ஒட்டுப் போட்டுத்தானே ஓடினனாங்கள்" என்று சிலர் கேட்பார்கள். ஓடினோம்தான், குண்டும் குழியுமான றோட்டில் 20 மைலில், வேறு வழி இல்லாமல். இங்கே வழி இருக்கிறது.

இந்த இடத்துக்கு ஒட்டு வேண்டாம். கறளை வைத்துக்கொண்டு மேலே தகரம் போர்த்தினால் இரண்டுக்கும் நடுவில் கறள் இன்னும் வேகமாகத் தின்னும். நல்ல தகரம் வெள்ளையாகத் தெரியும் வரைக்கும் வெட்டிவிட்டுப் புதுசு வைக்க வேணும். வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பூட்டுங்கோ. மறந்தால் உடம்பு தொய்ந்துவிடும், பிறகு கதவு சாகும் வரைக்கும் பூட்டாது. புதுத் தகரத்தைக் கவ்வி பிடித்து, கதவைக் கொழுவி, இடைவெளி பார்த்த பிறகுதான் வெல்டிங். வெளித்தகரத்துக்கு வளையாமல் இருக்க விட்டு விட்டு வைக்கலாம். பாரம் தாங்குகிற இடத்துக்குத் தொடர் ஒட்டு. முடிந்ததும் உள்ளுக்கு மெழுகு அடிக்க மறக்க வேண்டாம்.

2018 மே மாதத்தில் இருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வருசம் தாண்டின கார்களுக்கு பிரித்தானியாவில் எம்.ஓ.ரி. தேவையில்லை. காசு மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோசம். எனக்கில்லை. முந்தி வருசத்துக்கு ஒருதரமாவது ஒருவர் கீழே நின்று ரோர்ச் அடித்துப் பார்த்தார். இப்போது பட்டியை ஆரும் பார்க்கத் தேவையில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் நான் ஒவ்வொரு வருசமும் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

நண்பர் முதலில் முகத்தைத் தூக்கினார். "இரண்டு பக்கமும் வெட்டினால் கார் வாங்கின காசை விடக் கூட வருமே, அண்ணை." வரும்தான். ஒரு கிழமை யோசித்துவிட்டு மட்காட் ஓடரை நிப்பாட்டி, காரை வெல்டிங்காரரிடம் கொண்டுபோய் விட்டார். வலப்பக்கத்துக்குள்ளும் பேப்பர்தானாம்.

நெளிஞ்ச மட்காட் இப்போது என்ர கராஜில் கிடக்கிறது. வாற ஞாயிறு தட்டப் போகிறேன்.